பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாடு

எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் மணலில் கபடி ஆடினால் அவர்களைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. கால் புதையும் மணலிலேயே நடக்கப் பழகியவர்கள். ஆனால் போட்டி என்று வெளியூர் போனால் அங்கே தரையில் ரப்பர் விரிப்பு போட்டிருப்பார்கள். மேட் என்று அதற்குப் பெயர். வெறுங்காலோடு ஓடினால் தோல் உரியும். ஷூ போட்டால் பழக்கமில்லாத கால் வழுக்கும். வருஷா வருஷம் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு தோற்றுத் திரும்பி வருவார்கள்.

அந்த அணிக்கு என் மகள் கேப்டன். பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளியில் கடைசி வருஷம். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து ஆடுகிறாள், நான் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. போட்டிகள் எல்லாம் காலையில் நடக்கும். காலையில் எனக்கு ஏரியோரத்து மீன் ஏலக்கரையில் வேலை. படகு வரும் நேரத்தில் கரையில் இல்லாத மீன்காரி அன்றைக்குப் பட்டினிதான். இந்த வருஷம் தொடக்கத்திலேயே என் மகள் கேட்டுவிட்டாள், "இந்த வாட்டியாச்சும் வரியாம்மா?" என்று. வருகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைச் சேர்த்தது என் படிப்பைப் பார்த்து அல்ல, வாயைப் பார்த்து. எனக்கு மூக்கின்மேல் கோபம் என்பது ஊருக்கே தெரியும். ஒரு கூட்டத்தில் தலைமையாசிரியை விஷயத்தை உடைத்துச் சொன்னார். விளையாட்டு டீச்சர் தன் சம்பளத்தில்தான் இத்தனை நாள் பிள்ளைகளுக்கு வண்டிச்சத்தமும் சாப்பாடும் பார்த்துவந்திருக்கிறார். இனி முடியாது. மேட் வேண்டும், ஷூ வேண்டும், பாட்டு டீச்சரின் நடனக் குழுவுக்கு மேளமும் உடுப்பும் வேண்டும். பணம் திரளவில்லை என்றால் அடுத்த வருஷம் கபடியும் இல்லை, நடனமும் இல்லை.

பணம் திரட்டுவது என்றால் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. முதலில் பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேமராவோடு வந்தார். படம் எடுத்துப் போனில் போட்டால் உலகம் பூராவும் இருந்து உதவி வரும் என்றார். நல்ல மனசுக்காரர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பெண்களை வரிசையாக நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, "கொஞ்சம் சிரிக்காம நில்லுங்கம்மா" என்றார். அவர்களால் சிரிக்காமல் நிற்க முடியவில்லை. ஒருத்தி அடக்கினால் இன்னொருத்தி வெடித்தாள். "இன்னாத்துக்குப்பா சிரிக்கக் கூடாது? கபடி ஆட கேக்குறோமா, கஞ்சிக்கு கேக்குறோமா?" என்று நான் ஆரம்பித்ததும் தம்பி கேமராவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். டீ வாங்கிக்கொடுத்துத்தான் அனுப்பினோம்.

அடுத்து டிக்கெட் அடித்து ஒரு கலை நிகழ்ச்சி வைத்தோம். டிக்கெட் விற்றது. பிள்ளைகள் மைதானத்தில் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அன்று மத்தியானம் முகத்துவாரத்துப் பக்கம் மடவை மீன் கூட்டமாக வந்துவிட்டது என்று சேதி வர, வாங்கின டிக்கெட்டை மடியில் செருகிக்கொண்டே ஊர் மொத்தமும் படகேறிப் போய்விட்டது. அக்கரையில் இருக்கும் திருப்பாலைவனத்திலிருந்து வந்த விவசாயக் குடும்பங்கள் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டின.

ஏலக்கரையில் ரசீதுப் புத்தகத்தோடு நின்று பார்த்தோம். எங்கள் ஆட்கள் ரசீதைக் கண்டால் போலீசைக் கண்ட மாதிரி விலகி நடந்தார்கள். ஆனால் மறுநாள் காலை பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு கூடை நண்டு இருந்தது. அதற்கடுத்த நாள் ஒரு கட்டு கருவாடு. நண்டு கூடையிலிருந்து தப்பித்துத் தலைமையாசிரியையின் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த அறையில் ஒரு வாரத்துக்கு யாரும் மூக்கைத் திறக்க முடியவில்லை. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்க்காரங்களுக்குப் பணமா கொடுக்கவே தெரியாதாம்மா?" என்றார். கோபத்தோடு பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவர் சொன்னது சரி. எங்கள் ஆட்களுக்கு நன்கொடை தரத் தெரியாது. பங்கு தரத் தெரியும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதிகம் பேசமாட்டார், அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் அவசியமும் இல்லை. மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "அப்ப பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாடு கேட்டு பாரேன்" என்றார்.

பாடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் ஓடும் இடங்கள் சிலதுதான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் முறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும், அதாவது ஊர்க்கணக்கில் சேர்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும், சீட்டுப் போட்டு ஒரு நாள் விழும். அந்த நாள் அந்த இடம் அவர்களுக்கு. அதுதான் பாடு. முறைக்காரர் தன் கையால் வலை கட்டும் முதல் கழியைத் தண்ணீரில் ஊன்ற வேண்டும். கடல் இறங்கி ஏரித் தண்ணீர் வற்றத் தொடங்கும் வரை அவர் வந்து சேரவில்லை என்றால் பாடு அடுத்தவருக்குப் போய்விடும். கை மாற்றுவது, நாள் மாற்றுவது எதுவும் கிடையாது.

பள்ளிக்கூடத்தை ஒரு தலைக்கட்டாக எழுதுங்கள் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது முதலில் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். எல்லார் வீட்டிலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இருந்தது. ஊர்த்தலைவர் கடைசியில், "சரி, பள்ளிக்கூடமும் ஒரு தலைக்கட்டு. ஆனா முறை முறைதான். பள்ளிக்கூடத்து ஆளு வந்து கழி ஊனணும். தவறிச்சினா தவறிச்சதுதான், மறுபடி கேக்கக் கூடாது" என்றார். விளையாட்டு டீச்சர் தானே வந்து ஊன்றுவதாக ஒப்புக்கொண்டார். சீட்டில் நல்ல நாளாக விழுந்தது. பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள், பகல் வற்றம். தலைமையாசிரியை பெரிதாகத் தலையாட்டினார். திருப்பாலைவனத்து வேன்காரர் ஒருவர், போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகிறேன், இறால் விற்ற பிறகு வாடகை கொடுங்கள் போதும் என்றார். எல்லாம் கூடிவந்துவிட்டது என்று நினைத்தோம்.

போட்டிக்கு இரண்டு நாளைக்கு முன்னால், இரவல் வாங்கிய ஷூவுக்கு நாடா கோத்துக்கொண்டே என் மகள், "நைனா, சனிக்கெழம விடிகாலைலயே வேன் வந்துரும், ஒன் படகுலதான் எங்கள அந்தாண்ட வுடணும்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சனிக்கெழமயா? அன்னிக்கு பள்ளிக்கூடத்து பாடாச்சே."

இப்படி ஒரு கூத்தை எங்கள் ஊரில்தான் செய்ய முடியும். பள்ளிக்கூடம் தேதியில் நடக்கிறது, ஏரி பிறையில் நடக்கிறது. தலைவர் பிறைக்கணக்கு சொன்னபோது தலைமையாசிரியைக்கு அது என்ன கிழமை என்று தெரியவில்லை, கேட்கக் கூச்சம். போட்டித் தேதி வந்தபோது நாங்கள் அது எத்தனையாம் பிறை என்று எண்ணவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்துத்தான் இருந்தது. பால் கணக்கு எழுத மட்டும் அதை வைத்திருந்தோம்.

மறுநாள் காலையிலேயே ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன். விளையாட்டு டீச்சர் பிள்ளைகளோடு போட்டி நடக்கும் திருவள்ளூருக்குப் போயே ஆகவேண்டும். தலைமையாசிரியைக்கு அன்று மாவட்ட ஆபீசில் கூட்டம். மற்ற டீச்சர்களில் இரண்டு பேருக்குப் படகைப் பார்த்தாலே வாந்தி வரும். நாளை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வீட்டுக்காரரே எழுந்து போயிருப்பார். கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "புள்ளைங்களும் இல்ல, டீச்சருங்களும் இல்ல. அப்ப பள்ளிக்கூடம்னு யாரு வந்து நிக்கறது?"

"நாங்க நிக்கறோம்" என்றேன். "குழுவுல கீற அம்மாங்க."

பாடு கட்டப் பொம்பளை தண்ணீரில் இறங்கிப் பழக்கமில்லை என்று நாலைந்து குரல் வந்தது. எனக்கு ஏறிவிட்டது. "புடிச்ச மீன ஏலம் கூவறது பொம்பள. தலைல தூக்கினு போயி விக்கறது பொம்பள. அந்தத் துட்டுல தான் ஒனக்கு வலையே. கழி ஊன்றப்ப மட்டும் எங்க கை சுட்டுருமா?" என்றேன். என் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் வெகுநேரம் கழுத்துத் துண்டை முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "பள்ளிக்கூடத்த தலைக்கட்டுனு எழுதினது நாம. எந்தத் தலைக்கட்டுல யாரு வரணும்னு அந்தத் தலைக்கட்டுதான் சொல்லும். நாம சொல்றதில்ல. வரட்டும்" என்றார்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. கழி ஊன்ற நான் நின்றால் ஆட்டம் பார்க்க யார் போவது? குழுவில் மற்ற அம்மாக்கள் இருக்கிறார்கள். ஆனால் சண்டை போட்டு வாங்கியவள் நான். நான் வராமல் வேறு ஒருத்தியை அனுப்பினால் கரையில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். வாய்க்காரி வேனில் ஏறிப் போய்விட்டாள் என்பார்கள். அந்தப் பேச்சோடு பள்ளிக்கூடத்துப் பாடும் போய்விடும்.

என் மகளிடம் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன், என் பெண் அல்லவா. அவள் நாடாவை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து கோத்தாள். "பரவால்லமா" என்றாள். அந்தச் சொல்லுக்குப் பதில் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சனிக்கிழமை விடிந்தபோது ஏரி எது, வானம் எது என்று தெரியாத பனி. பெண்களை ஏற்றிக்கொண்டு படகு அக்கரைக்குப் போனது. கொஞ்ச தூரத்திலேயே உடம்புகள் மறைந்து, பேச்சுச் சத்தம் மட்டும் தண்ணீரின்மேல் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. அதே படகு திரும்பி வந்தபோது அதில் திருப்பாலைவனத்திலிருந்து ஒரு அம்மா இருந்தார். அவரும் குழுவில் இருக்கிறார், அவர் மகளும் அணியில்தான். நெல் அறுவடை நேரத்தில் வேலையை விட்டு வந்திருக்கிறார். கையில் ஒரு பெரிய தூக்குச்சட்டி. வாழ்க்கையில் முதல்முறை படகு ஏறுகிறார் என்பது அவர் பலகையைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது.

"யக்கா, தண்ணி எம்மாம் ஆழம்?" என்றார்.

"இடுப்பளவுதான். கீழ சேறு."

"சேறா? அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா" என்று பிடியைத் தளர்த்தினார்.

குழுவின் மற்ற அம்மாக்களும் நானும் ஏறிக்கொண்டு போனபோது, பாடு விழுந்த இடத்தில் முன்னாலேயே ஆண்கள் கழிகளோடு நின்றார்கள். எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். குளிர் இடுப்பைப் பிடித்தது. என் வீட்டுக்காரர் கழியை நீட்டினார். அதை வாங்கிச் சேற்றில் ஊன்றி இரண்டு கையாலும் அழுத்தினேன். அது சாய்ந்தது. மறுபடி அழுத்தினேன். திருப்பாலைவனத்து அம்மா பக்கத்தில் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் தானும் பிடித்து அழுத்தினார். கழி நின்றது. யாரோ கனைத்துக்கொண்டார்கள். உடனே மளமளவென்று மற்றக் கழிகளும் இறங்க, வலை கட்டப்பட்டது.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். தண்ணீர் வற்றி முகத்துவாரத்துப் பக்கம் ஓடும்போது இறால் அதோடு வந்து வலையில் ஏறும். அதுவரை படகில் உட்கார்ந்திருக்க வேண்டும். பனி விலகவில்லை, வெயில் மட்டும் அதற்குள் எங்கேயோ ஏறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளை. தூரத்தில் பூநாரைகள் நின்றிருந்ததோ, அல்லது அந்த இடத்தில் வெள்ளை கொஞ்சம் சிவந்திருந்ததோ, சொல்லத் தெரியவில்லை. கழிகளைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் தண்ணீர் நிற்கிறது, நாம்தான் ஓடுகிறோம் என்று ஆகிவிடும். ஆண்கள் தண்ணீரைப் பார்த்து ஏன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சோம்பேறிகள் என்று திட்டியிருக்கிறேன்.

அந்த வெள்ளையில் நான் ஆட்டத்தைப் பார்த்தேன். பார்த்ததே இல்லாத ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது? என் மகள் கோட்டைத் தாண்டிப் போகிறாள். எதிரில் முகமில்லாத பெண்கள் கை கோத்து நிற்கிறார்கள். அவள் கபடி கபடி என்று பாடிக்கொண்டே போகிறாள், மூச்சு எனக்கு முட்டுகிறது. ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள், மறுபடி போகிறாள், மறுபடி திரும்புகிறாள். காலில் ஷூ இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் தண்ணீர்தான் தெரிந்தது. அவள் ஆறாம் வகுப்புப் பிள்ளையாகவும் இருந்தாள், இன்றைக்குப் போனவளாகவும் இருந்தாள். எத்தனை ஆட்டம் தவறவிட்டேனோ அத்தனையும் ஒரே ஆட்டமாக அங்கே நடந்தது.

"அவங்க இந்நேரம் ஆடிக்கினு இருப்பாங்க இல்ல?" என்றார் திருப்பாலைவனத்து அம்மா. அவரும் அதே திசையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. "போன வச்சிட்டு தண்ணியப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு மெதுவாக, "நல்லாத்தான் ஆடுவா" என்றார். அவரும் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை.

வலையை இழுத்தபோது அம்மாக்களும் சேர்ந்து இழுத்தோம். கயிறு உள்ளங்கையைத் தின்றது. வெள்ளை இறால் துள்ளித் துள்ளி ஏறியது. கொட்டிக் கொடுத்த பாடு என்று சொல்ல முடியாது, ஆனால் குறையுமில்லை. ஏலக்கரையில்தான் வேடிக்கை. ரசீதைக் கண்டு ஓடிய அதே ஆட்கள், பள்ளிக்கூடத்துப் பங்கு என்றதும் நெருக்கிக்கொண்டு நின்று விலையை ஏற்றினார்கள். ஏலம் கூவியவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. வியாபாரிகள் வாங்கிய பிறகும் சிலர் தங்கள் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி எங்கள் குவியலில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வருஷமாக நாங்கள் தொண்டை கிழியக் கேட்டும் வராதது ஒரு பகலில் வந்தது. வேனுக்கும் ஷூவுக்கும் மேளத்துக்கும் ஆயிற்று. மேட் வாங்க முன்பணம் கட்ட முடிந்தது. பள்ளிக்கூடம் இன்றைக்கும் எங்கள் ஊர்க்கணக்கில் ஒரு தலைக்கட்டு. அந்த மேட் வந்து இறங்கியபோது என் மகள் பள்ளியை முடித்துவிட்டிருந்தாள். அவள் கால் அதில் பட்டதில்லை.

சாயங்காலம் படகுத்துறையில் போய் நின்றேன். பெண்கள் இறங்கினார்கள். ஜெயித்தவர்கள் இப்படி இறங்கமாட்டார்கள். என் மகள் கடைசியாக வந்தாள், முழங்காலில் மருந்து தடவியிருந்தது. அவள் "பாடு இன்னாம்மா ஆச்சி?" என்றதும், நான் "ஆட்டம் இன்னாடி ஆச்சி?" என்றதும் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டன. பாடு நல்லா வந்தது என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அது எனக்குத் தாங்கவில்லை. "நான் வரலியே" என்றேன். அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன், கரையில் எல்லாரும் பார்க்க. ஊரே பயப்படும் வாய்க்காரி.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பையைக் கீழே வைத்தாள். காலால் மணலில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். "அந்தாண்ட போயி நில்லு" என்றாள்.

"இன்னாடி இது?"

"கடைசி ரெய்டு. அதான் மேட்சு. நில்லும்மா. நீதான் அந்த கார்னர் பொண்ணு."

நின்றேன். அவள் தோழிகள் சிரித்துக்கொண்டே வந்து எனக்கு இரு பக்கமும் நின்றார்கள், எதிரணிப் பெண்களாக. திருப்பாலைவனத்து அம்மாவின் மகளும் வந்தாள், அவள் அம்மாவையும் இழுத்துக்கொண்டு. என் மகள் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். மூச்சை இழுத்துப் பிடித்துப் பாடிக்கொண்டே வந்தாள். அவள் குரல் அப்படிக் கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் கண்ணில் என்னை அம்மா என்று தெரிந்துகொண்ட அடையாளமே இல்லை. இடது பக்கம் பாய்கிற மாதிரி காட்டி வலது பக்கம் திரும்பினாள், ஒருத்தியைத் தொட்டாள், கோட்டை நோக்கிப் பறந்தாள். எனக்கு ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை. விழுந்து அவள் கணுக்காலைப் பிடித்தேன், கயிறு தின்ற இரண்டு கையாலும்.

அவள் மணலில் விழுந்தாள். கோடு அவள் விரலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. விடாமல் பாடிக்கொண்டே கையை நீட்டினாள், எட்டவில்லை. பாட்டு நின்றது.

"இங்கதாம்மா" என்றாள், மண்ணில் முகம் வைத்தபடியே. "இங்கதான் என்ன புடிச்சாங்க."

அவள் முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று தெரியவில்லை. பிறகு சிரிப்பது தெரிந்தது.

"வுடும்மா" என்றாள். "அந்தப் பொண்ணு கூட இம்மாம் கெட்டியா புடிக்கல."

நான் விடவில்லை.